கைக்கம்ப்யூட்டர் மறந்துபோன மழைக்காலம்

எங்கள் தெருவில் சபராளிகள் திரும்பி வரும்போது என்னென்ன கொண்டுவருவார்கள் என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். சபர் என்றால் பயணம்தான். ஆனால் முத்துப்பேட்டையில் அந்தச் சொல்லைக் கேட்டால் தஞ்சாவூரோ சென்னையோ யாருக்கும் நினைவுக்கு வராது. கடல் தாண்டிப் போனால்தான் சபர், போனவர்தான் சபராளி. அவர் பெட்டியைப் பிரித்தால் பூப்போட்ட கம்பளி இருக்க வேண்டும், தலைவலித் தைலம் இருக்க வேண்டும், பால்பவுடர் டின்னும் வாசனைச் சோப்பும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அங்கே அவருக்கு வேலை சரியில்லை என்று தெரு முடிவு கட்டிவிடும்.

என் மாமா, அம்மாவுடைய ஒரே தம்பி, ஒரு பங்குனி மாதம் வந்து இறங்கியபோது கம்பளி கொண்டுவரவில்லை. கைக்கம்ப்யூட்டர் ஒன்று கொண்டுவந்தார்.

நாற்பது பக்க நோட்டை விரித்து வைத்ததில் பாதி அளவு இருக்கும். ஓரமெல்லாம் கறுப்பு ரப்பர். எழுத்துப் பொத்தான்கள் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் குச்சியால் திரை மேலேயே தொட வேண்டும், எழுத வேண்டும். தொட்டவுடன் பாசி நிறத்தில் ஒரு வெளிச்சம் வரும். மாமா அங்கே ஒரு பெரிய குடோனில் பெட்டிகளை எண்ணுகிற வேலையில் இருந்தார். எண்ணியதை இந்தக் கருவியில்தான் ஏற்ற வேண்டும். கம்பெனியை இழுத்து மூடியபோது, அவருடைய மலையாளி மேனேஜர் பழைய கருவிகளில் ஒன்றைக் கையில் கொடுத்து, இப்போதைக்கு என்னால் முடிந்தது இதுதான் என்று சொல்லி அனுப்பினாராம். கம்பளியை எதிர்பார்த்து வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் பாட்டு கேட்குமா என்று விசாரித்தார்கள். கேட்காது என்றதும் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அத்தா மௌத்தாகிவிட்டதால், அம்மாவும் நானும் மாமா வீட்டோடு வந்துவிட்டோம். மாமா சபரிலிருந்து அனுப்புவதுதான் எங்கள் சோறு, என் பள்ளிக்கூடம், வீட்டின் மேலே கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கிற மாடி, எல்லாமே. மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்பு. நாற்பது நாள் லீவில் வந்தார், பத்தாம் நாள் கல்யாணம், மிச்சமிருந்த முப்பது நாளில் பாதி விருந்திலேயே போனது. பிறகு விமானம் ஏறிவிட்டார். ஆகவே மாமிக்கும் மாமாவுக்கும் நிஜமான கல்யாண வாழ்க்கை தொடங்கியதே கம்பெனி மூடிய பிறகுதான். இதை நான் இப்போது கணக்குப் போட்டுச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது.

ஊரில் இருந்தபடியே ஏதாவது செய்யலாமா என்று மாமா யோசிக்காமல் இல்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நடலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்த வருஷம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த அழகைப் பார்த்துவிட்டு அவரே அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பிறகு மழை வந்தது. தண்ணீர் கேட்டபோது தராத வானம் ஐப்பசியில் மொத்தமாகக் கொடுத்தது.

அதற்குள் மேனேஜர் வேறொரு கம்பெனியில் சேர்ந்திருந்தார். உனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறேன், ஐப்பசி முடிவதற்குள் போன் பண்ணு, விசாவை அனுப்பி வைக்கிறேன், தாண்டினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார். அவருடைய பழைய போன் நம்பர் கைக்கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை. மாமா எதையும் தாளில் எழுதுகிற ஆள் இல்லை, அவருக்குத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் அந்தப் பச்சை வெளிச்சத்துக்குள்தான் குடியிருந்தார்கள்.

இங்கேதான் அம்மா ஓர் அவசரம் செய்தார். எங்கள் பக்கம் சபர் போகிறவர் கிளம்புவதற்கு முன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வர வேண்டும். போய் உட்கார்ந்து, டீ குடித்து, ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி விடைபெற வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள் அங்கே இருக்கிற தங்கள் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்து விடுவார்கள். மழை பலத்துவிட்டால் தெருவில் நடக்க முடியாது, இப்போதே சொல்லிவிட்டு வந்துவிடு, போனைப் பிறகு பண்ணிக்கொள்ளலாம் என்று அம்மா மாமாவை விரட்டினார். மாமாவும் இரண்டு நாளில் தெரு முழுவதும் பயணம் சொல்லி முடித்தார். கூடத்தில் பதினொரு பொட்டலங்கள் சேர்ந்தன. நார்த்தங்காய் ஊறுகாய், ரவையில் கிண்டிய தம்ரூட், வறுத்த இடியாப்ப மாவு, ஒரு வீட்டிலிருந்து மகனுக்குப் பிடிக்கும் என்று நெத்திலிக் கருவாடு.

பயணம் சொன்னவர் பிறகு ஊருக்குள் தலைகாட்டக் கூடாது. சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் காட்ட மாட்டார்கள். முன்னொரு காலத்தில் பயணம் சொல்லிவிட்டுப் போய், விமானம் ரத்தாகி, மறுநாள் கடைத்தெருவில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு நின்ற ஒருவரைச் சாகிறவரைக்கும் ஊர் 'போய்ட்டு வந்தவர்' என்றேதான் கூப்பிட்டது. அவர் பேரன்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மாமா போன் பண்ணுவதாக இருந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு கரண்ட் போனது. மழையில் எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது. இருட்டிய பகலில் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. கைக்கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு உண்டு. கலைந்து கிடக்கும் எண்களைக் குச்சியால் நகர்த்தி வரிசையாக்க வேண்டும். ஆடி ஆடி பேட்டரி தீரப்போகிறது என்று அது இரண்டு முறை எச்சரித்தும், இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று ஆடினேன். மூன்றாவது முறை திரை அணைந்தது. பயந்துபோய் மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் கோபப்படவில்லை. பெரிய பேட்டரி போனாலும் உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது, கரண்ட் வருகிறவரைக்கும் அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றார்.

மாமி பக்கத்தில் தையல் மெஷினில் குழந்தைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போது ஆறு மாதம். சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அந்தச் சின்னதும் இல்லாமப் போச்சுன்னா?"

"அப்ப மொத்தமும் மறந்துடும். பொறந்த பச்சப்புள்ள மாதிரி ஆயிடும். சிஸ்டமே இருக்காது."

மாமி மறுபடி சக்கரத்தைச் சுற்றினார்.

மறுநாள் சாயங்காலம் கரண்ட் வந்தது. மாமா வயரைச் செருகித் திறந்தார். பச்சைத் திரையில் இரண்டே வரி ஆங்கிலம் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. குச்சியால் எங்கே தொட்டாலும் அந்த இரண்டு வரி அசையவில்லை. மேனேஜர் இல்லை, போன் நம்பர் இல்லை, மாமா சபரில் இருந்தபோது வரைந்து வைத்திருந்த அலையாத்திக் காட்டுப் படங்கள் இல்லை, என் எண்களும் இல்லை. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்தான் அதைக் கொன்றுவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பாயில் குப்புறப் படுத்து அழுதேன். மாமா வந்து முதுகைத் தட்டினாரே தவிர, வருத்தமாக இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மா விடவில்லை. நகல் எதுவும் கிடையாதா என்று கேட்டார். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, மேனேஜர் எல்லாவற்றையும் மெமரி கார்டு என்கிற ஒரு சின்ன அட்டையில் நகலெடுத்துக் கொடுத்தார், தீப்பெட்டியில் பாதி அளவு இருக்கும், எங்கே வைத்தேனோ என்றார். பாஸ்போர்ட் வைத்திருந்த தோல்பையை எங்கள் எல்லோர் முன்னாலும் மூன்று முறை கவிழ்த்துக் காட்டினார். டிக்கெட் துண்டுகளும் போட்டோக்களும் விழுந்தன. அட்டை விழவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் எனக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்ததுபோல்தான் தோன்றுகிறது. கோரையாறு கரை தொட்டு ஓடியது. ஊருக்கு வெளியே நட்ட வயல் எது, நடாத வயல் எது என்று தெரியாமல் வானத்தின் நிறத்தில் ஒரே பரப்பாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுக்கொண்டே இருந்தார்கள். ஊரைப் பொறுத்தவரை மாமா கிளம்பிவிட்டவர். ஆகவே அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். தெருக்கதவு பாதி சாத்தியே இருந்தது. கொல்லைப்புறம் மழையின் சத்தம், உள்ளே தையல் மெஷினின் சத்தம், இரண்டுக்கும் நடுவில் மாமா.

ஒரு ஆண்பிள்ளை பகல் முழுவதும் வீட்டுக்குள் இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா மாமிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். இறால் உரித்தார். குழந்தைச் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன் என்று தைத்தார், மாமி அதைப் பிரித்து மறுபடி தைத்தார். மத்தியானங்களில் மூவரும் ஒரே பாயில் படுத்து பாதி மாடியின் தளத்தில் விழும் மழையைக் கேட்டுக்கொண்டிருப்போம். மாமா அங்கே பாலைவனத்தில் ஒருமுறை பெய்த மழையைப் பற்றிச் சொல்வார். மொத்தம் பத்து நிமிஷம் பெய்ததாம், அவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் பெட்டிகளைப் போட்டுவிட்டு வெளியே போய் நனைந்தார்களாம். கதை பாதியில் இருக்கும்போதே நான் தூங்கிவிடுவேன். விழித்தால் அவர்கள் இரண்டு பேரும் அதே இடத்தில் மெல்லிய குரலில் எதையோ பேசிக்கொண்டிருப்பார்கள், மழையும் அப்படியே பெய்துகொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ ஒரு சிக்கலாக இருந்தது. எங்கள் பள்ளிவாசலுக்குப் போக முடியாது. மாமா கொல்லை வழியாக இறங்கி, குடையை மூக்கு வரைக்கும் தாழ்த்திக்கொண்டு, வரப்பில் வழுக்கி வழுக்கி அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய்வந்தார். வழியில் பார்த்தவர்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அதாவது பார்த்தார்கள், ஆனால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் மரியாதை என்றால் அதுதான்.

இதற்கிடையில் கூடத்துப் பொட்டலங்கள் வாசனை மாறத் தொடங்கின. தம்ரூட் நாலு நாளைக்கு மேல் தாங்காது. கெட்டுப்போகட்டும் என்று விடுவதும் பாவம், அடுத்தவர் மகனுக்குச் செய்ததைத் தின்பதும் பாவம் என்று அம்மா ஒரு பகல் முழுவதும் தவித்துவிட்டு, இரண்டாவது பாவத்தைத் தேர்ந்தெடுத்தார். அதே அளவு ரவையும் நெய்யும் போட்டுப் புதிதாகச் செய்து வைத்துவிடுவது என்று நிய்யத்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டோம். பிரமாதமாக இருந்தது.

ஆனால் அம்மாவின் முகம் நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே வந்தது. ஐப்பசி முடிய ஒரு வாரம்தான் இருந்தது. என் பள்ளிக்கூடம் என்ன ஆகும், பிறக்கப்போகிற பிள்ளைக்கு என்ன வழி என்று மாமாவிடம் தாழ்ந்த குரலில் கேட்பார். மாமா, பார்ப்போம் அக்கா, அல்லாஹ் ஒரு வழி வைத்திருப்பான் என்பார். அம்மாவைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கொன்றவள் நான், உயிர் கொடுக்க வேண்டியவளும் நான்தான் என்று முடிவு செய்தேன். திரையிலிருந்த இரண்டு வரியையும் எழுத்துக் கூட்டி நோட்டில் எழுதிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

எஸ்டிடி பூத் ஒன்றின் பாதியைத் தடுத்து அப்போதுதான் பிரவுசிங் சென்டர் போட்டிருந்தார்கள். அதை ஓர் அக்கா நடத்தினார். மன்னார்குடியில் டிப்ளமோ படித்தவர், பிளாஸ்டிக் விரிப்பை விலக்கித்தான் கம்ப்யூட்டரைத் தொடவிடுவார். நோட்டைப் படித்ததும் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. ஊரில் யாரும் அவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை போலிருக்கிறது. இந்தக் கருவிக்குள் சிஸ்டம் நிரந்தரமாக இருப்பதில்லை, பேட்டரி இருக்கிறவரைதான் ஞாபகம், அது போனால் எல்லாம் காலி, மறுபடி ஒரு அட்டையில் சிஸ்டத்தை ஏற்றி உள்ளே செருகினால் அதைக் குடித்துவிட்டு எழுந்துகொள்ளும் என்று விளக்கினார். கருவியோடு சிடி ஏதாவது வந்ததா என்று கேட்டார்.

வந்தது. எங்கே என்றும் எனக்குத் தெரியும். மாமா வந்த வாரமே அம்மா அதைக் கொல்லைக் கொடியில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். மீன் காயப்போடும்போது காக்கை வராமல் இருக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஏழு மாதமாக அது வெயிலிலும் மழையிலும் சுழன்று கருவாட்டுக்குக் காவல் இருந்தது. அவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, பற்பசை தேய்த்துத் துடைத்துக் கொண்டுபோனேன். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் போட்டார். மூன்று முறை துப்பியது. நான்காவது முறை சுற்ற ஆரம்பித்தது.

அட்டைதான் பாக்கி. மாமா மூன்று முறை தேடிய தோல்பையை நான் நான்காவது முறையாகத் தேடினேன். மாமா குளிக்கப் போயிருந்த நேரம். உள்பையின் துணியில் ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. விரலை விட்டேன். அட்டை அங்கே பத்திரமாக இருந்தது, ஒரு பாஸ்போர்ட் போட்டோவில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. மாமாவின் கண்ணில் படாதது என் கண்ணில் பட்டுவிட்டதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ மாமியுடையது.

கல்யாண போட்டோ எடுக்கிற ஸ்டூடியோவில் அட்டை படிக்கிற கருவி இருந்தது. அக்கா அதை இரவல் வாங்கி, சிடியிலிருந்த சிஸ்டத்தை அட்டையில் ஏற்றிக் கொடுத்தார். மேனேஜர் எடுத்து வைத்த நகலும் அதிலேயே இருந்தது. சிஸ்டம் ஏறிய பிறகு எதைத் தொட வேண்டும், அடுத்து எதைத் தொட வேண்டும் என்று என் நோட்டில் படம் போட்டுத் தந்தார். அந்த நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் ஓடி வந்தேன்.

கூடத்தில் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அட்டையைக் காட்டியதும் மாமா, எங்கே இருந்தது என்று கேட்கவில்லை. எங்கேயிருந்து எடுத்தாய் என்று அம்மாதான் கேட்டார். சொன்னேன். பார்த்தாயா, பொறுமையாகத் தேடத் தெரியவில்லை உனக்கு என்று மாமாவைக் கடிந்துகொண்டார். வயரைச் செருகி, அட்டையைத் தள்ளி, பொத்தானை அழுத்தினேன். இரண்டு வரியும் மறைந்து ஒரு கோடு வந்தது. இடமிருந்து வலமாக அது மெல்ல மெல்ல நிரம்பியது. நிரம்பி முடிந்ததும் சின்னதாக ஒரு மணிச்சத்தம் கேட்டு, பச்சை வெளிச்சம் விரிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் ஒரு கண் சிமிட்டியது. கருவி அணைந்து, மறுபடி அந்த இரண்டு வரிதான்.

இத்தனை நாள் சும்மா கிடந்ததில் பெரிய பேட்டரி சார்ஜ் பிடிப்பதையே விட்டிருந்தது. சரி, ஞாபகம் வைத்துக்கொள்கிற சின்ன பேட்டரி என்ன ஆனது? கருவியின் முதுகில் அதற்குத் தனியாக ஒரு மூடி, ஒற்றைத் திருகாணி. மாமியின் தையல் மெஷின் டிராயரில் குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருப்பது எனக்குத் தெரியும். எடுத்து வந்து திருகினேன். இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. பேட்டரி இல்லை.

அம்மா ஓய்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தார். அந்த வகைப் பேட்டரி ஊரில் கிடைக்காது என்று மாமா மெதுவாகச் சொன்னார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் திரும்ப வைக்கப் போனேன். டிராயரில் பாபின்களுக்கும் ஊக்குகளுக்கும் நடுவில், குழந்தைச் சட்டைக்கு வாங்கிய வெள்ளைப் பொத்தான்களோடு கிடந்த ஒரு பொத்தானுக்கு மட்டும் ஓட்டை இல்லை. வெள்ளியாக மின்னியது. அதை எடுத்துக்கொண்டு கத்திக்கொண்டே கூடத்துக்கு ஓடினேன்.

"கெடச்சிடுச்சு. மாமியோட மெஷின் டிராயர்ல கெடந்துச்சு."

"அது எப்படி அங்க போச்சு?" என்றார் அம்மா.

மாமி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மாமியைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நாந்தான்க்கா கழட்டித் தொடச்சு அங்க வச்சேன். மறந்தே போயிட்டேன்."

இவனுக்குக் கருவியைவிட மறதி அதிகம் என்று அம்மா திட்டினார். பேட்டரியைப் பள்ளத்தில் வைத்து மூடியைத் திருகினேன். கோடு மறுபடி நிரம்பியது, மணிச்சத்தம் கேட்டது, நோட்டில் அக்கா போட்ட படத்தின்படி ஒவ்வொன்றாகத் தொட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகியும் பார்த்தேன், எல்லாம் அப்படியே இருந்தது. மாமாவின் ஆட்கள் அத்தனை பேரும் திரும்பி வந்தார்கள். அலையாத்திக் காடு வந்தது. மேனேஜர் வந்தார்.

குடையைத் தாழ்த்திக்கொண்டு மாமா அன்று சாயங்காலமே பூத்துக்குப் போய்ப் பேசினார். இன்னும் இரண்டு நாள் தள்ளியிருந்தால் இடம் போயிருக்குமாம். அடுத்த வாரமே கிளம்ப வேண்டியிருந்தது. ஏற்கெனவே பயணம் சொல்லிவிட்ட ஊரில் மறுபடி சொல்ல முடியாது, ஆகவே சொல்லிக்கொள்ளாமலே போனார். அம்மா புதிதாகக் கிண்டிய தம்ரூட் பொட்டலங்களும் போயின. கருவிக்கு மாமி மிச்சத் துணியில் உறை ஒன்று தைத்துக் கொடுத்தார். தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. மாமா அவளைப் பார்த்தபோது அவள் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் படித்தேன். மேலே மாடி எழும்பியது. கம்ப்யூட்டர் படிப்பே படித்து, இன்றைக்கு அந்த வேலையில்தான் சென்னையில் இருக்கிறேன். ஊரில் எல்லோரும், அவள் ஏழாம் வகுப்பிலேயே செத்த கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்தவள் என்று இன்னமும் சொல்கிறார்கள்.

இருபது வருஷம் சபரில் இருந்துவிட்டு மாமா மொத்தமாகத் திரும்பியபோது, உன்னுடையதுதானே என்று அந்தக் கருவியை என்னிடம் கொடுத்தார். ஒரு மழைநாளில் சும்மா அதன் முதுகைத் திறந்து பார்க்கலாம் என்று திருகாணியில் கை வைத்தேன். இறுக்கமாக இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருகிய மூடிக்குள்ளிருந்து ஒரு பேட்டரி தானாக வெளியே வராது. என் விளையாட்டால் பெரிய பேட்டரிதான் தீர்ந்தது. சின்னதை எடுத்தது மாமி, நாந்தான் என்று மாமா சொன்னது அவரைக் காப்பாற்றத்தான். அட்டையை மனைவியின் போட்டோவில் சுற்றித் துணிக்குள் வைத்துத் தேடாமல் தேடியது மாமா. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே ஆளுக்கொன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நான் சமர்த்தாகக் கண்டுபிடித்து, ஊர் மெச்ச ஒன்றுசேர்த்தேன். அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் மழையைத் தவிர அவர்களுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதையும் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டுதான் நான் படித்தேன் என்று நினைக்கும்போது, கருவியை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மாமி என்னை அதற்காக ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அன்று மாமா பூத்துக்குக் கிளம்பிப் போன பிறகு, அம்மா தொழப் போய்விட்டார். நானும் மாமியும் மட்டும் கூடத்தில் இருந்தோம். இத்தனை பெரிய காரியம் செய்திருக்கிறேன், ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமி குழந்தைச் சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"ஸ்க்ரூ டிரைவர எடுத்த எடத்துல வச்சிட்டியா புள்ள?"

ஓடிப்போய் வைத்துவிட்டு வந்து, வைத்துவிட்டேன் மாமி என்று பெருமையாகச் சொன்னேன்.